எழுதாத வசனம்

அத்தியாயம் 14

சின்னவள் போனை எடுக்கவில்லையே என்று பெரியவள் தவித்துக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் அவளை விட்டுவிட்டு வந்தோம். நீங்கள் பயந்த மாதிரி ஒன்றும் நடந்துவிடவில்லை. திங்கட்கிழமை காலையிலேயே அந்தப் போன் உயிர் பெற்றுவிட்டது. "சார்ஜர் கெட்டுப்போச்சுக்கா" என்றாள் சின்னவள். பெரியவளும் நம்பினாள். நம்பத் தயாராக இருக்கிறவளுக்கு சார்ஜர் ஒரு காரணம் போதாதா?

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. பெரியவள் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கு வசனம் எழுதுகிறாள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று பேனாவோடு குடித்தனம் நடத்துகிறவள். வீட்டில் கூட இருப்பது அம்மா மட்டும்தான். சின்னவள் போன வருஷம் கல்யாணமாகி ஊரின் மறு கோடிக்குப் போய்விட்டாள். அவள் கணவன் மருந்து கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அந்த மாப்பிள்ளையின் குரல் உயர்ந்து இன்றுவரை யாரும் கேட்டதில்லை. "வாயில விரலை வச்சாக்கூடக் கடிக்கத் தெரியாத மனுஷன்" என்று அம்மா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்துப் போவாள்.

அக்காவும் தங்கையும் சேர்ந்து வேலை செய்கிற விதம் கொஞ்சம் வேடிக்கையானது. பெரியவள் எழுதிய காட்சியைப் போனில் அனுப்புவாள். சின்னவள் மாமியார், மருமகள், வில்லன் என்று எல்லாருக்கும் குரலை மாற்றி மாற்றிப் படித்து, பதிவு செய்து திருப்பி அனுப்புவாள். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். நாக்கு எங்கே இடறுகிறது என்று பார்த்து அங்கே திருத்துவாள்.

படித்து முடித்ததும் சின்னவள் சும்மா இருக்க மாட்டாள். தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்து நக்கலடிப்பாள். மாமியார் பாத்திரம் "அது... அது வந்து..." என்று இழுத்தால், அதே குரலில் "அது வந்து ரொம்ப நேரமாச்சு, உட்கார ஒரு நாற்காலி போடுங்கடி" என்பாள். பெரியவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். சில வரிகள் நன்றாக இருந்தால் வெட்கமே இல்லாமல் தொடரில் சேர்த்தும் விடுவாள்.

அந்தத் தொடரின் பேச்சு வழக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் யாரும் ஒரு வார்த்தையை ஒரே தடவை சொல்லி நிறுத்தியதில்லை. "என்ன? என்ன சொன்ன? இப்ப நீ என்ன சொன்ன?" கூடப் பிறந்தவனிடமே "என் கூடப் பிறந்த தம்பியான நீயா இப்படிப் பேசற?" தனியாக நின்றால் சுவரோடு பேசுவார்கள். அதையும் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி பேசுவார்கள்.

"ஏன்டி, உன் ஆளுங்களுக்கெல்லாம் காது மந்தமா?" என்று அம்மாவே கேட்டிருக்கிறாள். கேட்பாளே தவிர, ஒரு நாள்கூடப் பார்க்காமல் இருந்ததில்லை.

பெரியவளுக்கும் இதெல்லாம் எரிச்சல்தான். ஒரு தடவை சேனல்காரரிடம் முறையிட்டாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "உங்க சீரியலை யாரும்மா உட்கார்ந்து பார்க்கறாங்க? கேட்கத்தான் கேட்கறாங்க. அடுப்படியில குக்கர் கத்தும், குழாய் ஓடும். மூணு தடவை சொன்னாத்தான் ஒரு தடவை காதுல விழும்" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது? பெரியவள் மூன்று மூன்றாகவே எழுதித் தள்ளினாள்.

புதன்கிழமை காலை அவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பேருந்து நிலையக் காட்சி அன்றைக்கே எடுத்தாக வேண்டும். கதாநாயகி தன் அக்காவை வழியனுப்பி வைக்கிறாள், அவ்வளவுதான் காட்சி. பல் தேய்க்காமல் எழுதி முடித்துத் தங்கைக்கு அனுப்பினாள்.

பதிவு வந்தது. கதாநாயகியின் குரலில் சின்னவள் வெளுத்து வாங்கியிருந்தாள். "அக்கா! நீ போறியா? உன் கூடப் பிறந்த என்னை விட்டுட்டு நீ போறியா?" காட்சி முடிந்தது. ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமில்லை. பிறகு அதே குரலில் வழக்கமான உபரி வரி.

"போகாதேக்கா! தினமும் வெளிக்கதவைப் பூட்டிட்டுப் போறாருக்கா! என்னை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிடு! கூட்டிட்டுப் போயிடு! கூட்டிட்டுப் போயிடு!"

பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். கடைசி இரண்டு தடவையும் குரல் உடைந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்டது. கழுதை, நடிக்கவே போயிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். அந்த வரியை அப்படியே எடுத்துக் காட்சியின் கடைசியில் ஒட்டினாள். தங்கைக்குப் பதில் தட்டினாள்: "கடைசி வரி பிரமாதம், எடுத்துக்கிட்டேன். அழுகை மட்டும் கொஞ்சம் ஓவர். குறைச்சுக்கோ."

"சரிக்கா" என்று பதில் வந்தது. பெரியவள் குளிக்கப் போனாள்.

படப்பிடிப்பு நடக்கும் கொட்டகைக்குள் பேருந்து நிலையம் தயாராக இருந்தது. இரண்டு பெஞ்சு, ஒரு கூரை, துணியில் வரைந்த வானம். ஒலிப்பதிவுக்காக மின்விசிறிகளை நிறுத்தியிருந்தார்கள். எல்லாருக்கும் வியர்த்து ஊற்றியது. கதாநாயகி காகிதத்தை விசிறியாக்கிக்கொண்டு வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

அங்கே ஒரு பெண் உண்டு. நேற்றுப் போட்ட வளையலை இன்றும் போட்டிருக்கிறார்களா, வலது கையில் இருந்த பை இடது கைக்குப் போய்விட்டதா என்று பார்ப்பதே அவள் வேலை. எதையும் விட மாட்டாள் என்பதால் எல்லாரும் அவளை 'உடும்பு' என்றே கூப்பிடுவார்கள். அந்த உடும்பு கையில் காகிதத்தோடு பெரியவளிடம் வந்தாள்.

"மேடம், கடைசி வரியில ஒரு சந்தேகம்."

"என்ன?"

"கதவைப் பூட்டிட்டுப் போறாருன்னு சொல்றாளே, யாரு?"

"புருஷன்தான்."

"இவளுக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே மேடம். நிச்சயதார்த்தமே அடுத்த மாசம்தானே? அதுவும் பூட்டி வச்சிருந்தா எப்படி பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா?"

சுற்றி நின்ற ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவளும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். "அவசரத்துல பார்க்காம ஒட்டிட்டேன். என் தங்கச்சி சேர்த்த வரி..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நின்றாள்.

தங்கை இந்தத் தொடரை அவளைவிட நன்றாக அறிந்தவள். எந்த மாமனாருக்கு எந்தக் காலில் அடிபட்டது என்பதைப் பெரியவளே அவளிடம்தான் கேட்டுக்கொள்வாள். அவளா இப்படி ஒரு தப்புப் பண்ணுவாள்? கல்யாணம் ஆகாதவளுக்குப் புருஷன் எங்கிருந்து வந்தான்?

காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு துணி வானத்துக்குப் பின்னால் போய் நின்றாள். பதிவை மறுபடி கேட்டாள். இந்தத் தடவை குரலைக் கேட்கவில்லை, குரலுக்குப் பின்னால் கேட்டாள். காட்சி முடிகிற இடத்தில் தம்ளரை மேஜையில் வைக்கிற சத்தம். அப்புறம், மிக அருகில், ஓர் ஆள் தொண்டையைச் செருமிக்கொள்கிற சத்தம்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவன் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் சொல்லியிருக்கிறாள். வேறு எப்படிச் சொல்வாள்? அவன் காதில் விழுந்தாலும் சந்தேகப்படாத பேச்சு இந்த உலகத்தில் அவளுக்கு இது ஒன்றுதானே இருந்தது?

அழுகை மட்டும் கொஞ்சம் ஓவர், குறைச்சுக்கோ.

பெரியவள் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். அவசரத்தில் அம்மாவின் எண்ணுக்குப் பதிலாக ஒளிப்பதிவாளரின் எண்ணை அழுத்திவிட்டாள். அவர் எதிரிலேயே நின்று "ஹலோ" என்றார். அதைத் துண்டித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"அம்மா, கிளம்பி வாசல்ல நில்லு. டாக்ஸியில வரேன். சின்னவ வீட்டுக்குப் போறோம்."

"என்னடி திடீர்னு? மாப்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"சொல்லலை. நீயும் சொல்லிடாதே."

வழியெல்லாம் அம்மா நம்பவில்லை. "வசனத்தை எழுதி எழுதி உனக்கு எதைப் பார்த்தாலும் அப்படியே தெரியுது. அந்தப் பிள்ளை அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியிருக்குமா?" என்றாள். அம்மா சொல்வதே உண்மையாக இருக்கட்டும், தன்னை எல்லாரும் பைத்தியக்காரி என்று சிரிக்கட்டும் என்று பெரியவள் மனசார வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். நீளமான நடை, இரண்டு பக்கமும் மூடிய கதவுகள், செருப்பு அடுக்குகள். மதியச் சமையல் நேரம். ஏதோ ஒரு வீட்டில் மிக்ஸி ஓடியது. இன்னொரு வீட்டில் பெரியவளின் தொடரே மறு ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது. "இது உண்மையா? நீ சொல்றது உண்மையா?" என்று யாரோ யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது.

"பார்த்தியா, வீட்டுல யாருமில்ல. ரெண்டு பேரும் எங்கேயோ வெளிய..." என்றாள் அம்மா.

பெரியவள் கதவில் காதை வைத்துத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள்.

"சின்னவளே. நான்தான்டி."

அப்புறம் தங்கையின் சொந்தக் குரல், மெதுவாக. "போயிடுக்கா. அவரு சாப்பிட வர்ற நேரம்."

"காலையில அனுப்பினது..."

"பக்கத்துல உட்கார்ந்து கேட்டுட்டிருந்தாரு. வசனம்னுதான் நினைச்சாரு. அப்புறம் போனை வாங்கிட்டுப் போயிட்டாரு. இப்பல்லாம் வெளிய போனா எடுத்துட்டுத்தான் போறாரு." குரல் கதவுக்கு இன்னும் அருகில் வந்தது. "நீயும் வசனம்னுதான் நினைச்சேல்ல?"

அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பெரியவளால் தாங்கியிருக்க முடியும்.

"அக்கா, அத்தை, வாங்க வாங்க."

திரும்பினார்கள். மாப்பிள்ளை படியேறி வந்துகொண்டிருந்தான். ஒரு கையில் மருந்துப் பை, இன்னொரு கையில் ரொட்டிப் பொட்டலம். முகத்தில் எப்போதும் இருக்கிற சிரிப்பு. மூச்சுகூட வாங்கவில்லை.

"சொல்லியிருந்தா நானே வந்து கூட்டிட்டு வந்திருப்பேனே. அத்தைக்கு இந்த மூட்டு வலியோட எதுக்கு படியேத்தம்?"

"கதவு ஏன் பூட்டியிருக்கு தம்பி?" பெரியவளின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பார்த்தேன்க்கா. தூக்கத்துல எழுந்து நடக்கறா. ஒரு நாள் மொட்டை மாடி வரைக்கும் போயிட்டா. பயந்துட்டேன். அதான் பூட்டிட்டுப் போறேன்."

"பட்டப்பகல்லயா?"

"ராத்திரி தூக்கமில்ல, பகல்ல தூங்கறா." அவன் அம்மாவின் பக்கம் திரும்பினான். "நல்ல டாக்டரா பார்த்துக்கிட்டிருக்கேன் அத்தை. நீங்க கவலைப்படாதீங்க."

"ஐயோ, அப்படியா மாப்பிள்ளை? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள் அம்மா. பாவம், மூழ்குகிறவளுக்கு ஒரு கட்டை கிடைத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அவன் சாவியை எடுத்தான். எடுத்தவன் பூட்டில் போடவில்லை. விரலில் வைத்துச் சுற்றிக்கொண்டே கதவைப் பார்த்து, அதே மெல்லிய குரலில் கேட்டான். "என்னம்மா, நான் சொல்றது சரிதானே?"

"சரிங்க" என்றது உள்ளிருந்து குரல்.

"பார்த்தீங்களா? இப்ப நீங்க கிளம்புங்க. சாயங்காலம் நானே கூட்டிட்டு வரேன்." சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

எத்தனையோ வில்லன்களுக்கு வசனம் எழுதியவள் பெரியவள். மேஜையைக் குத்துவார்கள், பல்லைக் கடிப்பார்கள், "விட மாட்டேன்" என்று மூன்று தடவை சொல்வார்கள். இவன் எதையும் ஒரே தடவைதான் சொல்கிறான். அதுவும் காதோடு பேசுகிற மாதிரி சொல்கிறான். இப்போது படியிறங்கினால் சாயங்காலம் இவன் வரப்போவதில்லை. நாளைக்கு இந்தக் கதவுக்குப் பின்னால் வேறு யாரோ குடியிருப்பார்கள். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

கெஞ்சிப் பார்க்கலாமா? அவன் சட்டைப் பையிலிருந்து சாவியைப் பறிக்கலாமா? அவளுக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. நடையின் இரண்டு பக்கமும் மூடிய கதவுகள்தான் தெரிந்தன. எதற்குப் பின்னாலோ குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியவள் மூச்சை இழுத்து, வாழ்க்கையில் இதுவரை பேசாத குரலில் கத்தினாள்.

"என் கூடப் பிறந்த தங்கச்சியைக் கட்டின மாப்பிள்ளையான உங்களைத்தான் கேட்கறேன்! அவளை உள்ளே வச்சு வெளியே பூட்டினீங்களா? தினமும் பூட்டிட்டுத்தான் போறீங்களா? உயிரோட இருக்கிற பொண்ணை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டினீங்களா?"

அவன் சிரிப்பு முதல் தடவையாக அசைந்தது. "அக்கா, மெதுவா..."

"மெதுவா பேச முடியாது! முடியாது! முடியவே முடியாது!"

மிக்ஸி நின்றது. குழாய் நின்றது. தொலைக்காட்சியின் சத்தம் சட்டென்று குறைந்தது. அம்மா ஒரு கணம் மூத்த மகளைப் பார்த்தாள், ஒரு கணம் மாப்பிள்ளையின் சட்டைப் பையைப் பார்த்தாள். அப்புறம் எத்தனையோ வருஷமாகப் பார்த்த தொடர்களையெல்லாம் தொண்டையில் கூட்டிக்கொண்டு அவளும் ஆரம்பித்தாள்.

"கேளுங்க! எல்லாரும் வந்து கேளுங்க! நான் பெத்த பொண்ணு! என் சின்னப் பொண்ணு! இந்தக் கதவுக்குப் பின்னால இருக்கா!"

கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எதிர்வீட்டு அம்மாள் ஈரக் கையோடு வந்து நின்றாள். "ஆளு உள்ளயா இருக்கு?" என்றாள். "தினமும் இந்தப் பூட்டைப் பார்த்துட்டுத்தானே போறேன். ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டாங்கன்னுல்ல நினைச்சேன்!" அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து தலைகள். ஒருவர் கரண்டியோடு வந்திருந்தார்.

"தம்பி, திறந்து காட்டுங்க. அந்தப் பொண்ணு எப்படி இருக்குன்னு நாங்களும் பார்க்கறோம்" என்றாள் எதிர்வீட்டு அம்மாள்.

அவன் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். பார்த்துவிட்டு, விருந்தாளிகளுக்கு வழிவிடுகிற மாதிரி பூட்டைத் திறந்து ஒதுங்கி நின்றான்.

சின்னவள் நிலைப்படிக்கு உள்ளே நின்றாள். வெறுங்கால். தலை வாரியிருந்தது, முகம் கழுவியிருந்தது, சாப்பாட்டு மேஜையில் ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அக்காவைப் பார்க்காமல் அவனைத்தான் பார்த்தாள். பெரியவள் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். இழுத்த வேகத்தில் இரண்டு பேரும் எதிர்வீட்டுச் செருப்பு அடுக்கில் மோதினார்கள்.

"இரு" என்றான் அவன்.

பையிலிருந்து அவள் போனை எடுத்து, உயிர்ப்பித்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டான். "பத்திரமா போயிட்டு வா" என்றான். அவ்வளவுதான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இவ்வளவு சுலபமாக ஏன் விட்டான்? படியிறங்கும்போதெல்லாம் பெரியவளுக்கு அந்தக் கேள்விதான் முதுகில் குத்தியது. திரும்பித் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. வராததே இன்னும் பயமாக இருந்தது.

டாக்ஸியில் அம்மா முன்னால் உட்கார்ந்து, கத்திய களைப்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். "நான் பார்த்த மாப்பிள்ளை. நான் பார்த்து வச்ச மாப்பிள்ளை" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பின்னால் பெரியவள் தங்கையின் கையை விடவே இல்லை. சின்னவள் அழவில்லை. ஜன்னல் வழியே கடைகளையும் ஆட்களையும் பார்த்துக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூடம் விட்டு வரும் குழந்தை மாதிரி.

"மன்னிச்சுக்கோடி" என்றாள் பெரியவள். "அழுகையைக் குறைச்சுக்கோன்னு சொன்னேனே, பாவி நான்."

"பரவாயில்லைக்கா. அதைப் படிச்சுட்டு அவரு சிரிச்சாரு. இன்னிக்கு முழுக்க ஒண்ணும் சொல்ல மாட்டாருன்னு நிம்மதியா இருந்துச்சு."

பாலத்தைத் தாண்டி, பழகிய தெருக்கள் வர ஆரம்பித்தபோது சின்னவளின் கையில் இருந்த போன் அடித்தது. திரையில் அவன் பெயர்.

"எடுக்காதே. அடிச்சுட்டே கிடக்கட்டும். நம்ம வீடு வந்துடுச்சு, இனிமே யாரும் உன்னை ஒண்ணும் பண்ண முடியாது" என்றாள் பெரியவள்.

"ரெண்டாவது தடவை மணி அடிக்கறதுக்குள்ள எடுத்துடணும்க்கா."

"எடுக்கலேன்னா என்னடி பண்ணுவான்?"

பெரியவள் பிடித்திருந்த கையைச் சின்னவள் உருவிக்கொண்டாள். அந்த மெலிந்த கைக்குள் இவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று பெரியவளுக்குத் திக்கென்றது. முன்னால் அம்மா தண்ணீர்ப் பாட்டிலை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள் சின்னவள்.

கேட்கும்போதே எடுத்துவிட்டிருந்தாள்.